ஒரே சனிக்கிழமை, மூன்று முன்கள வீரர்கள்: ப்ரீசீசனில் எதைப் பார்த்து யாரை வாங்குவது?

2022 ஜூலை 30, சனிக்கிழமை. இங்கிலாந்துக் கால்பந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் தொடங்க ஆறு நாள்களே இருந்தன; ப்ரீசீசன் எனப்படும், லீக்குக்கு முந்தைய தயாரிப்பு ஆட்டங்களின் காலம் முடியும் நேரம். அன்று லண்டனில் ஆர்சனல் அணி செவியாவை 6-0 என்று வென்றது. கேப்ரியல் ஜீசஸ் ஹாட்ரிக் அடித்தார். அதே நாள் லெஸ்டரில் நடந்த, சீசனுக்கு முன் ஒரே ஆட்டமாக ஆடப்படும் கம்யூனிட்டி ஷீல்டு கோப்பையில் லிவர்பூல் மான்செஸ்டர் சிட்டியை 3-1 என்று வீழ்த்தியது. மாற்று வீரராக இறங்கிய டார்வின் நூன்யஸ் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். சிட்டியின் எர்லிங் ஹாலண்டோ, ஆட்டம் முடியும் தறுவாயில் கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்து தன் காலடிக்கே வந்து சேர்ந்தும், சில அடி தூரத்திலிருந்து அதைக் குறுக்குக் கம்பத்தில் அடித்தார்.

ஃபேன்டஸி பிரீமியர் லீக் என்ற இணைய விளையாட்டில் லீக் வீரர்களைக் கற்பனைப் பணத்தில் வாங்கி அணி அமைக்கிறோம்; அவர்கள் நிஜ ஆட்டங்களில் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி வருகிறது. 100 மில்லியனுக்குள் பதினைந்து பேரை வாங்க வேண்டும். அவர்களில் முன்கள வீரர்கள் மூவர்தான். அந்த ஆண்டு ஹாலண்டின் விலை 11.5 மில்லியன், நூன்யஸின் விலை 9, ஜீசஸின் விலை 8. அந்தச் சனிக்கிழமையை மட்டும் பார்த்தவருக்கு, மிகுந்த விலை கேட்பவர்தான் மூவரிலும் மோசமானவர் என்று தோன்றியிருக்கும். கோல்களை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் ஆடினார், எந்த இடத்தில் நின்றார், யாருடைய இடத்தைப் பிடித்தார் என்று பார்த்திருந்தால் வரிசை வேறாக இருந்திருக்கும் என்பதே என் வாதம்.

நூன்யஸிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ப்ரீசீசன் ஏமாற்றும் விதம் அவரிடம்தான் தெளிவாகத் தெரிகிறது. ஜூலை 21 அன்று லைப்சிக் அணிக்கு எதிராக அவர் நான்கு கோல் அடித்தார். அந்த ஆட்டத்தில் அவர் இடைவேளைக்குப் பிறகே இறங்கினார். முதல் கோல் பெனால்டியில் வந்தது, அதுவும் வழக்கமாக பெனால்டி அடிக்கும் சாலா புதியவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று விட்டுக்கொடுத்தது. லீக்கில் அப்படி விட்டுக்கொடுப்பது அரிது. நட்பு ஆட்டங்களில் இரண்டாம் பாதியில் இரு அணிகளும் ஆள்களைக் கூட்டமாக மாற்றுவதால், அப்போது விழும் கோல்களுக்கு முதல் பாதிக் கோல்களின் மதிப்பு இல்லை. கம்யூனிட்டி ஷீல்டிலும் தொடக்கம் முதல் ஆடியவர் ஃபிர்மினோதான். ஒரு வீரர் அணியின் முதல் தேர்வா என்ற கேள்விக்கு இவையெல்லாம் ‘இன்னும் இல்லை’ என்றே பதில் சொல்லின.

ஜீசஸின் நிலை நேர்மாறானது. சிட்டியில் மாற்று வீரராகவும் ஓரத்து வீரராகவும் அலைந்தவர், ஆர்சனலில் நடு முன்கள வீரராகத் தொடக்கத்திலிருந்தே ஆடினார். பயிற்சியாளர் ஆர்ட்டேட்டா சிட்டியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோதே அவரை அறிந்தவர்; போட்டிக்கு இருந்த என்கெடியா இரண்டாம் தேர்வுதான். செவியாவுக்கு எதிரான மூன்று கோல்களை அழித்துவிட்டாலும், இந்த இடமாற்றம் ஒன்றே 8 மில்லியனுக்குப் போதுமான காரணம். குறை என்றால் பெனால்டி அவருக்குக் கிடைக்காது. அதற்கு சாக்கா இருந்தார்.

ஹாலண்டைப் பற்றி எழுத ப்ரீசீசனில் கிடைத்தது கொஞ்சம்தான். அமெரிக்காவின் கிரீன் பே நகரில் பேயர்ன் மியூனிக்கிற்கு எதிராக 12-ஆவது நிமிடத்தில் கிரீலிஷ் தந்த பந்தைக் கோலுக்கு முன்னால் நின்று உள்ளே தள்ளினார். அடுத்து அந்தக் கம்யூனிட்டி ஷீல்டு. அன்று அவர் தவறவிட்டதையே எல்லோரும் பேசினர். தொண்ணூறு நிமிடமும் ஆடி முடித்தபின் கூடுதல் நேரத்திலும் கோல் வாயில் அவர்தான் நின்றுகொண்டிருந்தார் என்பதைப் பேசியவர் குறைவு. தவறவிடுவதற்குக்கூட முதலில் அந்த இடத்திற்குப் போய்ச் சேர வேண்டும். பின்னாலிருந்து டி ப்ரூய்னே பந்து அனுப்பும் அணியில், அப்படிப் போய்ச் சேர்கிற ஒருவரின் ஒரு தவறை வைத்து விலையைக் குறைத்து மதிப்பது பெரும்பிழை.

இருந்தாலும் பணத்தின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஹாலண்டுக்குப் பதில் ஜீசஸை வாங்கினால் மிஞ்சும் 3.5 மில்லியனில் 4.5 விலையுள்ள நடுக்கள வீரரை 8 விலைக்காரராக உயர்த்தலாம். ஆகவே ‘ஹாலண்டா, ஜீசஸா’ என்று கேட்பதை விட, ‘இருவரையும் எப்படிச் சேர்த்து வைப்பது’ என்பதே அந்த வாரத்தின் சரியான கேள்வி. நூன்யஸுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை: ஜீசஸை விட 1 மில்லியன் அதிகம், உறுதியான நிமிடங்களோ குறைவு.

நியாயமாகச் சொன்னால், முதல் வாரம் நூன்யஸை வாங்கியவர்களையும் ஏமாற்றவில்லை. ஃபுல்ஹாமுக்கு எதிராக மாற்று வீரராக வந்து கோல் அடித்து, சாலாவின் கோலுக்கும் உதவினார். ஹாலண்ட் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார், அதில் ஒன்று பெனால்டி. ஜீசஸுக்குக் கோல் இல்லை. ஆனால் மறுவாரம் லெஸ்டருக்கு எதிராக இரண்டு கோல், இரண்டு அசிஸ்ட் என்று அள்ளிக் கொடுத்தார். அந்த வாரம் நூன்யஸ் லீக்கில் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே ஆடினார்; கிரிஸ்டல் பேலஸின் ஆண்டர்சனைத் தலையால் முட்டி 57-ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கினார். அறுபது நிமிடத்துக்குள் ஆடியதற்கு ஒரு புள்ளி, அட்டைக்கு மூன்று புள்ளி கழிவு, பிறகு மூன்று ஆட்டத் தடை. இந்தக் கோபத்தை எந்த நட்பு ஆட்டமும் முன்கூட்டிக் காட்டியிருக்காது என்பதால், இதை வைத்து யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 27 அன்று லிவர்பூல் போர்ன்மவுத்தை 9-0 என்று வென்றபோது நூன்யஸ் தடையில் இருந்தார். அதே நாள், பேலஸிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த சிட்டிக்கு ஹாலண்ட் இரண்டாம் பாதியில் ஹாட்ரிக் அடித்தார். நான்கு நாள் கழித்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக முதல் பாதியிலேயே இன்னொரு ஹாட்ரிக். சீசன் முடிந்தபோது லீக் கோல்கள்: நூன்யஸ் 9, உலகக் கோப்பையில் முழங்கால் காயப்பட்டு மாதக்கணக்கில் வெளியே இருந்த ஜீசஸ் 11, ஹாலண்ட் 36.