ரெசின் பேடா, மெட்டல் பேடா?

மவுண்டன் பைக்கின் டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் வட்டத்தகட்டை (ரோட்டர்) அழுத்திப் பிடிப்பதுதான் பேட். பிசினால் இறுக்கிய ரெசின் பேட் சத்தமில்லாமல், தொட்டவுடன் பிடிக்கும். ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறினால் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்து வழுக்கும். மழைச் சேற்றில் மளமளவென்று தேயும். உலோகத்தூளை இறுக்கிய மெட்டல் பேட் இரண்டையும் தாங்கும், நாள்பட உழைக்கும். ஈரத்தில் கிறீச்சிடும், அது பழகிவிடும். மலை இறங்குபவர்களுக்கு மெட்டலே சரி.

ஒன்று கவனியுங்கள்: ரோட்டரில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்திருந்தால் மெட்டல் போடவே கூடாது, ரோட்டரை அது சீக்கிரம் அரித்துவிடும். ஷிமானோ நிறுவன ரோட்டர் 1.5 மி.மீ.க்குத் தேய்ந்தாலோ பேடின் உராயும் பகுதியில் 0.5 மி.மீ. மட்டும் மிஞ்சினாலோ மாற்றிவிடுங்கள்.

எந்தப் புதுப் பேடானாலும் சுமார் 20 முறை வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடைவேகத்துக்குக் குறைத்துப் பழக்குங்கள். செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் வேண்டாம். ரோட்டரில் தெறித்தால் பேட் உறிஞ்சிக்கொண்டு பிடிக்காமல் போகும்.