அம்மாவுக்கு மெடிகேரும் மெடிகெய்டும்: தனித்தனியாகவா, ஒரே அட்டையிலா?

கிரீன் கார்டில் அமெரிக்கா வந்த பெற்றோருக்கு 65 வயதானதும் மெடிகேர் என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு தானாகக் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. தாங்களோ துணைவரோ இங்கே பத்து ஆண்டுகள் வரி கட்டி வேலை பார்க்காதவர்கள் என்றால், கிரீன் கார்டோடு தொடர்ந்து 5 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். அப்புறமும் மருத்துவமனைச் செலவுக்கான ஏ பகுதிக்குப் பணம் கட்ட வேண்டும். 2025-இல் அது மாதம் 518 டாலர் வரை இருந்தது. டாக்டர் செலவுக்கான பி பகுதிக்கு அந்த ஆண்டில் 185.

மெடிகெய்டு, வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலங்கள் நடத்தும் காப்பீடு. அதற்கும் பெரும்பாலும் 5 ஆண்டுக் காத்திருப்பு உண்டு. இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது: அம்மாவுக்காக நீங்கள் கையெழுத்திட்ட ஸ்பான்சர் பத்திரம். அவர் குடியுரிமை பெறும்வரை உங்கள் வருமானத்தையும் அவர் கணக்கில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அதனால் 5 ஆண்டு முடிந்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இரண்டும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எப்படி வைத்துக்கொள்வது?

தனித்தனியாக வைத்துக்கொண்டால், மெடிகேர் முதலில் பணம் தரும், மிச்சத்தை மெடிகெய்டு பார்க்கும். மெடிகேர் ஏற்கும் டாக்டர் நாட்டில் எங்கிருந்தாலும் போகலாம். கியூ.எம்.பி. என்ற உதவியும் சேர்ந்தால் ஏ, பி இரண்டின் பிரீமியத்தையும் மாநிலமே கட்டும்; மெடிகேர் தரும் சிகிச்சைக்கு டாக்டர் அம்மாவிடம் பாக்கி கேட்கக் கூடாது. (2025-இல் பெரும்பாலான மாநிலங்களில் தனி நபருக்கு இதற்கு இருந்த வரம்பு: மாத வருமானம் 1,325 டாலர், சேமிப்பு 9,660 டாலர்.) மாத்திரைக்கான டி பகுதித் திட்டம் தனி. யார் எதற்குப் பணம் தருவார்கள் என்று போன் போட்டு அலைவது உங்கள் வேலை.

மற்ற வழி டி-ஸ்னிப்: இரண்டும் உள்ளவர்களுக்கு மட்டும் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் திட்டம். பல திட்டங்களில் பல், கண்ணாடி எல்லாம் உள்ளே வரும். சிகிச்சையை ஒருங்கிணைக்க ஓர் ஆள் இருப்பார். பதிலுக்கு அவர்களுடைய நெட்வொர்க்குக்குள் இருக்க வேண்டும், பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். பெயரை மட்டும் நம்பாதீர்கள். சில திட்டங்கள் மெடிகெய்டோடு தகவல் பரிமாறுவதோடு சரி. இரண்டையும் முழுதாக ஒன்றாக நடத்துபவை சிலவே. "மெடிகெய்டையும் நீங்களே நடத்துகிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். மளிகைக்குப் பணம் தரும் அட்டை பற்றி ஏஜென்ட் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நர்சிங் ஹோம் அளவுக்குக் கவனிப்பு தேவைப்படும் 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு பேஸ் என்றொரு திட்டமும் உண்டு. எல்லா ஊரிலும் இல்லை. இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

என் கணிப்பு இது: அம்மாவுக்குப் புற்றுநோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்து, பழகிய நிபுணர்கள் நெட்வொர்க்கில் இல்லையென்றால் தனித்தனியாகவே இருக்கட்டும். சர்க்கரை, பி.பி., ஒரே குடும்ப டாக்டர், பகலில் வீட்டில் யாருமில்லை என்றால் முழுதாக இணைந்த டி-ஸ்னிப் நல்லது. தமிழ் பேசும் டாக்டர் அதில் இருந்தால் இன்னும் நல்லது; வலியை அம்மா தன் வாயால் சொல்லலாமே.

டி-ஸ்னிப்பில் சேர்ந்தபின் ஒத்துவரவில்லையென்றால், 2025 முதல் எந்த மாதத்திலும் விலகி, அரசே நேரடியாக நடத்தும் பழைய மெடிகேருக்குத் திரும்பலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனை மையம் இருக்கிறது. ஏஜென்டிடம் கையெழுத்துப் போடும் முன், அம்மாவின் டாக்டர், மருந்துப் பட்டியலோடு அங்கே பேசுங்கள்.