மட்டக்களப்பில் ‘பயங்கரவாதத்தை விளங்கிக்கொள்ளல்’ பட்டறை: கட்டுகிற காசுக்குப் பெறுமா?

முதல் நாள் காலை அமர்வு ஒன்றுக்காகவே காசைக் கட்டலாம். இரண்டாம் நாள் பின்னேரம் கையில் தருகிற ஒற்றைத் தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வரலாம். எங்கள் தீர்ப்பு இவ்வளவுதான். காரணங்களைச் சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

மட்டக்களப்பு நகரில் ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிற இரண்டு நாள் பட்டறை இது. ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், மௌலவி, பாதர், குருக்கள், இளைஞர் கழகக்காரர் என்று ஒரு தொகுதிக்கு 28 பேர். காலை 8.30 தொடக்கம் 4.30 வரை. தலைக்கு 3,500 ரூபா. 64 பக்கக் கையேடும் பகல் சாப்பாடும் தேத்தண்ணியும் அதற்குள் அடக்கம். சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் அமர்வு வரைவிலக்கணம் பற்றியது. எந்த வளவாளரும் இந்த இடத்தில் பவர்பொயின்டைத் திறந்து நான்கு வரைவிலக்கணங்களை வாசித்து ஆட்களைத் தூங்க வைப்பார். இங்கே அப்படியில்லை. ஐந்தாறு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்பது அட்டைகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் இந்த மண்ணில் நடந்த ஒரு சம்பவம். இடம், திகதி, இனம், மதம், செய்தவர் பெயர் எல்லாம் நீக்கப்பட்டிருக்கும். அரந்தலாவை 1987 (புலிகள் பிக்குகளைக் கொன்றது), கொக்கட்டிச்சோலை 1987 (அரச படைகள் தமிழரைக் கொன்றது), காத்தான்குடி 1990 (புலிகள் பள்ளிவாசலில் முஸ்லிம்களைக் கொன்றது), சத்துருக்கொண்டான் 1990 (மறுபடி அரச படைகள், தமிழர்), வவுணதீவு 2018, சீயோன் தேவாலயம் 2019 (தற்கொலைக் குண்டு) ஆகியவை அவற்றில் ஆறு. கேள்விகள் மூன்று: அடிபட்டவர் ஆயுதம் ஏந்தியவரா, ஏந்தாதவரா? அந்த அடி செத்தவருக்கா, பார்த்துக்கொண்டிருந்தவருக்கா? அடித்தது அரசா, அரசல்லாத ஒன்றா? நாற்பது நிமிடம் பேசிய பிறகுதான் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பலாம்.

முதல் இரண்டு கேள்விகளில் பெரிய பிணக்கு வராது. ஆயுதமற்றவரை அடித்து, அந்த அச்சத்தை வேறு யாருக்கோ செய்தியாக அனுப்புவதுதான் பயங்கரவாதத்தின் சாரம் என்பதைக் குழுக்கள் தாங்களாகவே கண்டுகொள்கின்றன. மூன்றாவது கேள்வியில்தான் மண்டபம் பிளக்கும். அரசல்லாதவர் செய்தால் மட்டும்தான் பயங்கரவாதம் என்று எழுதினால் கொக்கட்டிச்சோலையும் சத்துருக்கொண்டானும் மேசையிலிருந்து விழுந்துவிடும். அரசையும் சேர்த்தால் பெரும்பாலான சட்டப் புத்தகங்கள் விழுந்துவிடும். வளவாளர் இதை வாக்கெடுப்புக்கு விடாதது கெட்டித்தனம். ‘பயங்கரம்’ என்ற சொல் அரசியலுக்குள் வந்ததே 1793–94இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு தன் சொந்த மக்கள்மேல் நடத்திய ஆட்சியால்தான் என்று சொல்கிறார். அலெக்ஸ் ஷ்மிட் என்ற ஆய்வாளர் 1980களில் எண்ணியபோதே 109 வரைவிலக்கணங்கள் இருந்தன. ஐ.நா.வில் இந்தியா 1996இல் முன்வைத்த பொது உடன்படிக்கை இன்றுவரை முடிவாகவில்லை. இவற்றையும் சொல்லி விவாதத்தைத் திறந்தபடியே விட்டுவிடுகிறார்.

வவுணதீவு அட்டை தனியாகச் சொல்ல வேண்டியது. 2018 நவம்பர் கடைசியில், புலிகளின் மாவீரர் நாள் முடிந்த கையோடு, காவலரண் ஒன்றில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். உண்மையில் செய்தது சஹ்ரானின் கூட்டம் என்பது, அதே கூட்டம் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடிக்க வைத்த 2019 ஏப்ரல் 21க்குப் பிறகுதான் வெளிவந்தது. அதன் பிறகே அவர் விடுதலையானார். ‘இதைச் செய்யக்கூடியவர் யார்’ என்று ஆளைப் பார்த்துத் தொடங்கினால், பிழையான ஆள் உள்ளே இருக்கும்போது சரியான ஆள் வெளியே அடுத்த குண்டைச் செய்துகொண்டிருப்பான். ஒரு மணி நேர விரிவுரையை விட இந்த ஒரு அட்டை கனமானது.

பிழைகளும் உண்டு. நான்காவது அட்டையில் ‘பள்ளிவாசல்’ என்பதை ‘வணக்கத்தலம்’ என்று மாற்றியவர்கள் ‘இஷாத் தொழுகை நேரம்’ என்பதை அப்படியே விட்டிருக்கிறார்கள். வாசித்த மறு விநாடியே காத்தான்குடி என்று எல்லோருக்கும் விளங்கிவிடும், பயிற்சி கெட்டுவிடும். ‘இரவு வழிபாட்டு நேரம்’ என்று திருத்தினால் போதும். இருக்கை விடயமும் அப்படித்தான். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்று தொடக்க உரையில் சொல்வார்கள். மண்டபத்தில் பார்த்தால் பிட்டு ஒரு பக்கம், தேங்காய்ப்பூ மறுபக்கம். வாசலிலேயே இலக்கம் கொடுத்துக் கலந்து உட்கார வைக்க வேண்டும். அட்டைகளைக் கொடுத்த பிறகு ஆட்களை மாற்றினால் அதுவே சந்தேகமாகிவிடும்.

மன்னிக்க முடியாதது முதல் ஸ்லைட். சீயோன் தேவாலயத்தின் எரிந்த முற்றம், முன்னறிவிப்பு ஏதுமின்றித் திரையில் விழுகிறது. அங்கே பலியான ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளின் உறவினர் இதே நகரில் இருக்கிறார்கள், இதே கதிரைகளில் வந்து அமரக்கூடியவர்கள். படம் இல்லாமலே பாடம் நடக்கும். உளவளத்துணையாளர் ஒருவரையாவது பக்கத்து அறையில் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.

பின்னேரம் காரணங்கள். டெங்கு தொடங்கிப் போதைப்பொருள் வரை எல்லாப் பட்டறைகளிலும் வருகிற அதே மரம் இங்கேயும் வருகிறது: வேர், தண்டு, இலை. வேரில் வறுமை, கல்வியின்மை, வேலையின்மை. 2019ஐ வைத்துப் பார்த்தால் அந்த வேர் அறுந்துவிடும். கொழும்பு ஹோட்டல்களில் வெடித்தவர்களில் இருவர் செல்வந்த வாசனைத் திரவிய வர்த்தகர் ஒருவரின் பிள்ளைகள். அன்றைக்கே தெஹிவளையில் வெடித்த இன்னொருவர் வெளிநாட்டில் படித்தவர். வறுமைதான் காரணம் என்றால் வாவிக்கு மேற்கே வறுமைப்பட்ட படுவான்கரையில் பாதி ஊர் குண்டு கட்டியிருக்க வேண்டும்.

மரத்தை மூடிவிட்டு மூன்று கேள்விகளைப் பிரித்துக் கேட்பதுதான் சரியான வழி. ஓர் இயக்கம் ஏன் முளைத்தது? இந்தக் குறிப்பிட்ட பொடியன் ஏன் போனான்? இயக்கம் ஏன் வேறு வழியை விட்டு இந்த முறையைத் தேர்ந்தது? 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1970களின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல், 1981இல் யாழ் நூலக எரிப்பு ஆகியவை முதல் கேள்விக்கு விடை. இரண்டாவதற்கு அவை போதாது. ஒரே தெருவில், ஒரே வகுப்பில் இருந்த நாற்பது பேரில் இரண்டு பேர்தான் போனார்கள். அங்கே அண்ணன், மச்சான், கூட்டாளி யார் என்பதுதான் கனமாக நிற்கும். சஹ்ரானின் கூட்டத்திலும் உடன்பிறந்தவர்களே இருந்தார்கள். மூன்றாவது கேள்வி கணக்குப் போடுகிற மூளையைப் பற்றியது: பலவீனமானவன் பலசாலியைக் கோபப்படுத்தி, கண்மூடித்தனமாக அடிக்க வைத்து, அந்த அடியால் ஆள் சேர்ப்பது. 1983 ஜூலை 23இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்டவர்கள் 13 இராணுவத்தினர். அது படையினர்மீதான தாக்குதல்தான். ஆனால் அதற்குப் பின் தமிழர்மேல் விழுந்த கலவரம்தான் இயக்கங்களின் வாசலில் வரிசையை நீளமாக்கியது. கையேட்டில் இந்த மூன்றாவது கேள்வியே இல்லை.

இரண்டாம் நாள் காலை, ஒருவர் பயங்கரவாதத்துக்கு எப்படி ஏறுகிறார் என்று காட்ட உளவியலாளர் மொகத்தம் வரைந்த ‘படிக்கட்டு’ (2005). நிலத்தளமும் அதன்மேல் ஐந்து மாடிகளும். கீழே அநீதி என்ற உணர்வு, மேலே போகப்போக வாசல்கள் அடைபட்டு, ‘நாங்கள்–அவர்கள்’ என்ற பிரிவு இறுகி, உச்சியில் செயல். சார்ட் தாள்களைத் தரையில் ஒட்டி நடக்க வைக்கிறார்கள், உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் படிபடியாகவே ஏறுவார்கள் என்ற எண்ணத்தோடு மக்கள் வீட்டுக்குப் போகிறார்கள். கூட்டாளி கூப்பிட்டு நேரே நான்காம் மாடிக்குப் போய், காரணத்தைப் பிறகு கற்றுக்கொள்கிறவர்களும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும்.

அடுத்து, இயக்கங்கள் எப்படி முடிகின்றன. ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட கணக்கு: 1968 தொடக்கம் 2006 வரை இருந்த 648 குழுக்களில் முடிவுக்கு வந்தவை 268. அவற்றில் 43 வீதம் அரசியலுக்குள் வந்ததால், 40 வீதம் பொலிஸ், புலனாய்வு வேலையால், 10 வீதம் வெற்றி பெற்றதால், 7 வீதம் இராணுவ பலத்தால். எண்கள் சரி. ஆனால் கணக்கு 2006இல் நிற்பதால் இங்கே போர் முடிந்த 2009 மே இதற்குள் இல்லை என்று வளவாளர் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்வரிசையிலிருந்து ‘அப்ப எங்கட கதை எந்த வீதத்துக்குள்ள?’ என்று கேள்வி வரும். அதற்குத் தயாராகாமல் நிற்பது அழகில்லை.

சட்ட அமர்வு அரை மணித்தியாலம்தான், குறைவு. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்து 1982இல் நிரந்தரமானது. ‘பயங்கரவாதம்’ என்றால் என்ன என்று அச்சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை என்பதை நன்றாகக் காட்டுகிறார்கள். தடுப்புக் காவல் உச்சம் 18 மாதம் என்று கையேடு சொல்கிறது. அது பழைய கதை, 2022 திருத்தத்தோடு 12 மாதம். கைது நடந்து 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது கையேட்டில் இல்லை. குடும்பங்களுக்குத் தேவைப்படுவது இதுதான். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உண்டு.

இனி அந்த ஒற்றைத் தாள். ‘தீவிரமயமாதலின் 14 அறிகுறிகள்’: தாடி வளர்த்தல், உடை மாற்றம், பழைய நண்பர்களை விட்டு விலகல், போனிலேயே இருத்தல், அரசியல் செய்திகளில் திடீர் ஆர்வம். மூன்று இருந்தால் ‘உரியவர்களுக்கு’ அறிவிக்க வேண்டுமாம். பதினேழு வயதில் இதில் மூன்று இல்லாத பிள்ளை எந்தப் பாடசாலையில் இருக்கிறது?

கணக்காகவே பார்ப்போம். ஒரு இலட்சம் இளைஞரில் உண்மையில் ஆபத்தானவர் 10 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் மிகத் திறமாக வேலை செய்து அவர்களில் 9 பேரைப் பிடித்து, அப்பாவிகளில் 100க்கு 5 பேரை மட்டும் பிழையாகக் காட்டினாலும், சிக்குகிற அப்பாவிகள் ஏறத்தாழ 5,000 பேர். அந்த 5,000 வீடுகளிலும் படிக்கட்டின் நிலத்தளமான அநீதி உணர்வு தானாகக் கட்டப்படும். சுற்றிவளைப்புக் காலத்தில் சாக்கால் முகத்தை மூடி உட்கார வைத்து, தலையை ஆட்டி ஆட்களைக் காட்டிக்கொடுக்க வைத்த தலையாட்டியின் வேலையை இப்போது வகுப்பாசிரியர் கையில் தாளாகக் கொடுக்கிறார்கள். 2020இல் ஒரு தமிழ்க் கவிதைத் தொகுப்பைத் தீவிரவாதம் என்று வாசித்து அதை எழுதிய இளம் ஆசிரியரைச் சிறையில் வைத்ததும் இதே மாதிரி வாசிப்புத்தான். பின்னர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

2019இல் குறைந்தது தகவல் அல்ல. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சஹ்ரானின் ஆட்கள் சூபி அமைப்பினரோடு மோதியது ஊரறிந்த விடயம். அவரைப் பற்றி முஸ்லிம்களே முறையிட்டிருந்தார்கள். 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் பெருந்தொகை வெடிபொருள் அகப்பட்டது. ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. கீழிருந்து சொன்னதை மேலே இருந்தவர்கள் கவனிக்கவில்லை. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது அதற்காகத்தான். மேலே சொன்னவை எல்லாம் செயல்கள், அல்லது செயல்களைப் பற்றிய எச்சரிக்கைகள். தாடி அதில் ஒன்றுமில்லை. தாளைத் திருத்துவதானால் மிரட்டல், ஆயுதம், வெடிபொருள், ஆள் திரட்டிப் பயிற்சி கொடுத்தல் என்று நான்கு வரி போதும்.

தமிழும் கவனிக்க வேண்டியது. ‘பயங்கரவாதம்’, ‘தீவிரவாதம்’, ‘வன்முறைசார் தீவிரவாதம்’ மூன்றும் கையேட்டில் ஒரே பந்தியில் மாறிமாறி ஒரே பொருளில் வருகின்றன. தீவிரமான கருத்து வைத்திருப்பது குற்றமல்ல என்று 12ஆம் பக்கம் சொல்கிறது, 41ஆம் பக்கம் அதையே அறிகுறியாக்குகிறது.

உங்கள் நிறுவனத்துக்கு இதை அழைப்பதானால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஜும்ஆவுக்குப் போய்வந்தால் நடுவில் ஒன்றரை மணித்தியாலம் போய்விடும், அட்டைப் பயிற்சி பாதியில் அறுந்தால் சூடு ஆறாமலே நிற்கும். சிங்களக் கையேடு கிடையாது. அம்பாறை நகரில் மூவினத்தாரோடும் நடத்தினால் மொழிபெயர்ப்பாளர் தேவை, ஒவ்வொரு அமர்வும் ஒன்றரை மடங்காகும். அங்கே மூன்று நாளாகக் கேளுங்கள். அரந்தலாவை அட்டையை எடுத்துவிடலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சத்துருக்கொண்டானையும் அப்படித்தான்.