கண்ணாடிக்குள் இருக்கும் பழைய போஸ்டரை நம்பி வாங்காதீர்கள்

பாரிஸில் பழைய கண்காட்சி போஸ்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 380 யூரோ போய்விட்டது.

மாரே பகுதியில் உள்ள வேட்டை, இயற்கை அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி போவேன். தெபோர்த் தீட்டிய வேட்டை நாய்களைப் பார்க்கவே போகலாம். அதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அந்த அருங்காட்சியகத்தின் பெயர் போட்ட போஸ்டரைப் பார்த்ததும் கால் நகரவில்லை. ஒரு மான், பின்னால் இரண்டு நாய்கள். "1955ஆம் வருஷத்து அசல் லித்தோ. கண்ணாடியைக் கழற்றாதீர்கள், தாள் கிழிந்துவிடும்" என்றார் கடைக்காரர். லித்தோ என்றால் கல்லில் வரைந்து அச்சடிக்கும் கல்லச்சு. அந்த அருங்காட்சியகம் திறந்ததே 1967இல்தான். தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

ஃபிரேமை மாற்றலாம் என்று எங்கள் தெருவில் ஃபிரேம் போடும் பெரியவரிடம் கொடுத்தேன். தாளை வெளியே எடுத்தவர், நடுவில் ஓடிய மடிப்புக் கோட்டின் மேல் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். மழமழவென்று இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற மடிப்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை! யாரோ ஓர் அசல் போஸ்டரைப் படமெடுத்து, மடிப்போடு சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். அப்புறம் லென்ஸைக் கொடுத்தார். மானின் பழுப்பு உடம்பு முழுக்க நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள், கோலப்புள்ளி மாதிரி வரிசை தப்பாமல். எழுத்துகளின் ஓரத்திலும் அதே புள்ளிகள்.

கல்லச்சில் இப்படி வராது. எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் கல்லில் வரைந்து, ஈரப்படுத்தி, மை தடவுவார்கள். பசை உள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். லென்ஸில் பார்த்தால், சொரசொரப்பான தரையில் சாக்பீஸ் இழுத்தது போல ஒழுங்கில்லாத சிறு துகள்கள்தான் தெரியும்.

கடைக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். "ஆஃப்செட்டும் லித்தோ வகைதானே" என்றார். ஆஃப்செட் என்பது கல்லுக்குப் பதில் தகட்டை வைத்து இயந்திரத்தில் அச்சடிப்பது; நான் பார்த்த புள்ளிகள் அதில் வருபவைதான். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்த ஓட்டையில்தான் வியாபாரமே நடக்கிறது. ரசீதில் அவர் எழுதியிருந்தது "ஃபிரேமுடன் அலங்காரப் போஸ்டர்" என்று மட்டும். வருஷமும் இல்லை, லித்தோ என்ற சொல்லும் இல்லை. பணம் தர முடியாது என்று முடித்துவிட்டார்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். கண்ணாடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். "கல்லில் அச்சடித்தது, இந்த வருஷம், மறுபதிப்பு அல்ல" என்று ரசீதில் எழுதி வாங்கிய பிறகே பணத்தை எடுங்கள்.