ஜிகிட்ஸ்: பெயரைப் பார்த்தே வாங்கலாம்

அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் படங்களை டிஸ்க்கில் வாங்கிச் சேர்ப்பவள் நான். உறையில் ஜிகிட்ஸ் என்ற பெயர் இருந்தால் கதைச் சுருக்கத்தைக்கூடப் படிக்காமல் எடுத்துவிடுவேன். இந்த விநியோக நிறுவனத்தின் ரசனை மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

நியூயார்க்கில் குழந்தைகளுக்கான சர்வதேசத் திரைப்பட விழாவை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் பெக்மன் 2008-இல் தொடங்கிய நிறுவனம் இது. இவர்கள் வெளியிட்ட அயர்லாந்துப் படமான 'தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்' சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 2012-இல் 'எ கேட் இன் பாரிஸ்', 'சீக்கோ அண்ட் ரீட்டா' என்று ஒரே ஆஸ்கர் விழாவில் இரண்டு படங்களுக்குப் பரிந்துரை. பெரிய ஸ்டூடியோக்கள் பணத்தைக் கொட்டும் பிரிவில் ஒரு சின்ன கம்பெனி இப்படி நுழைந்தது சாதாரண விஷயமில்லை.

ஜப்பானின் புகழ்பெற்ற அனிமேஷன் நிறுவனமான ஜிப்லி ஸ்டூடியோவின் படங்களை வட அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியிடும் உரிமை 2011-இல் இவர்களிடம் வந்தது. அதை வைத்து இவர்கள் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது 'ஒன்லி யெஸ்டர்டே'. இசாவோ தக்காஹாத்தா 1991-இல் எடுத்த படம். விடுமுறையில் கிராமத்துக்குப் போகும் 27 வயதுப் பெண், ஐந்தாம் வகுப்பில் படித்த நாட்களை நினைத்துப் பார்க்கிறாள், அவ்வளவுதான் கதை. மந்திரம் இல்லை, சண்டை இல்லை. ஒரு குடும்பம் முதன்முதலாக அன்னாசிப்பழம் வெட்டிச் சாப்பிடுவதற்கே ஒரு முழுக் காட்சி. வகுப்புப் பிள்ளைகள் மாதவிடாய் பற்றிப் பேசிக்கொள்ளும் இடமும் உண்டு. இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஜிகிட்ஸ் 2016-இல், படம் வந்து 25 ஆண்டுகள் கழித்து, டெய்ஸி ரிட்லியையும் தேவ் படேலையும் ஆங்கிலத்தில் பேசவைத்து அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தது. டிஸ்க்கில் ஜப்பானிய ஒலியும் இருக்கிறது. முதலில் அதிலேயே பாருங்கள்.

அப்புறம் வளர்ச்சி வேகமெடுத்தது. 2017-இல் ஜிப்லியின் ப்ளூ-ரே வெளியீடும் டிஸ்னியிடமிருந்து இவர்கள் கைக்கு மாறியது. அதே ஆண்டு, திரையரங்குகளில் சிறப்புத் திரையிடல்கள் நடத்தும் ஃபேதம் ஈவென்ட்ஸுடன் சேர்ந்து பழைய ஜிப்லி படங்களைத் திரும்பத் திரையிடும் விழாவையும் தொடங்கினார்கள். டிவியில் மட்டும் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்தப் படங்களைப் பெரிய திரையில் காட்டியது இந்த விழாதான். 2023 டிசம்பரில் ஜிப்லியின் 'தி பாய் அண்ட் தி ஹெரன்' வட அமெரிக்க வசூலில் முதலிடத்தில் திறந்தது. அடுத்த மார்ச்சில் ஆஸ்கரையும் வென்றது.

2024 அக்டோபரில் ஜப்பானியத் திரைப்பட நிறுவனமான டோஹோ, ஜிகிட்ஸை வாங்குவதாக அறிவித்தது. எனக்குக் கொஞ்சம் கவலைதான். பெரிய அனிமே படங்கள் இனி தடையில்லாமல் வரும், சரி. அயர்லாந்திலும் பிரான்ஸிலும் கையால் வரைந்து எடுக்கும் சிறு படங்களுக்கு அதே இடம் இருக்குமா? அந்தப் படங்கள்தான் இந்த நிறுவனத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை.

வாங்கும் முன் ஒன்று கவனியுங்கள். இவர்களின் உரிமை பெரும்பாலும் வட அமெரிக்காவுக்கு மட்டுமே. ஜிப்லி ப்ளூ-ரேக்கள் ரீஜன் ஏ, அதாவது அமெரிக்கா உள்ளிட்ட பகுதிகளின் பிளேயர்களுக்கான வகை. உங்கள் பிளேயர் அதை ஏற்குமா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.