கலக்கும் அறையா, வார்டா, டே கேரா? புற்றுநோய்ப் பிரிவில் இன்டர்ன்ஷிப் போகும் பார்மசி மாணவர்களுக்கு

புற்றுநோய்ப் பிரிவில் இன்டர்ன்ஷிப் என்றதும் பார்மசி மாணவர்கள் பலர் முதலில் கேட்பது கீமோ கலக்கும் அறையைத்தான். நானும் அதைத்தான் கேட்டு வாங்கினேன். கவுன், இரண்டு ஜோடி கையுறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேபினெட்டின் உறுமல் என்று பார்க்கவே பெரிய வேலையாக இருக்கும். அப்புறம் வார்டு, கடைசியாக டே கேர், அதாவது வந்து கீமோ ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிற பிரிவு. இன்று யாராவது கேட்டால் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வேன்.

காரணம் சைக்கிள், அதாவது கீமோவின் ஒரு சுற்று. கீமோ ஒரே தடவையில் முடிகிற சமாச்சாரம் இல்லை. நிறைய ரெஜிமென்கள் (கீமோ மருந்துத் திட்டங்கள்) 21 நாளுக்கு ஒருமுறை வரும்; சில 14 நாளுக்கு, சில 28 நாளுக்கு. டோஸ் உடம்புக்குத் தாங்கியதா, நாம் சொல்லி அனுப்பியது புரிந்ததா என்பதெல்லாம் அதே நோயாளி அடுத்த சைக்கிளுக்கு வந்து உட்காரும்போதுதான் தெரியும். அதனால் ஒரு இடத்தை எடைபோட எனக்கு ஒரே கேள்வி போதும்: இங்கே ஒரே ஆளை இரண்டு தடவை பார்க்க முடியுமா?

கலக்கும் அறையில் ஒரு தடவைகூட முடியாது. லேபிளில் பெயரைப் பார்ப்பதோடு சரி. ஆனால் கைக்கு அங்கே கிடைக்கிற பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. என் முதல் வாரம் முழுக்க நிஜ மருந்தே கிடையாது. தண்ணீரில் ஒளிரும் சாயம் கலந்து வைத்திருந்தார்கள். குப்பிக்குள் காற்றை அதிகமாக அழுத்தினால் ஊசியை உருவும்போது உள்ளே இருப்பது பீய்ச்சும். அதனால் எடுக்கப்போகும் திரவத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காற்றை உள்ளே விட வேண்டும். சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு புறஊதா விளக்கின் கீழே கையை நீட்டினேன். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டுகள் ஏழெட்டு. அது நிஜ மருந்தாக இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

எந்த மருந்துக்கு எந்தத் திரவம் என்பதும் அங்கேதான் மண்டையில் ஏறும். சிஸ்பிளாட்டினுக்கு குளோரைடு வேண்டும், அதனால் சலைன். அதன் தம்பி மாதிரி இருக்கும் ஆக்ஸாலிபிளாட்டினை சலைனில் போட்டால் சிதைந்துவிடும். அதற்கு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். வின்கிரிஸ்டினை சிரிஞ்சில் அனுப்பாமல் சின்னப் பையில் கலந்து அனுப்புவதற்கும் காரணம் உண்டு. முதுகுத்தண்டு வழியாகத் தவறிப் போனால் அது உயிரையே எடுத்துவிடும். பையில் இருந்தால் அந்தத் தவறு நடப்பது கடினம். உலக சுகாதார நிறுவனமும் 2007-இல் இதையே வலியுறுத்தியது. இதெல்லாம் முக்கியம்தான். ஆனால் இரண்டு வாரத்தில் படிந்துவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து செய்ததையே திரும்பச் செய்துகொண்டிருந்தேன். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் இந்த அறை வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். அதை யாரும் தப்பாக எடுக்கக் கூடாது.

வார்டு வேறு மாதிரி. கற்பது நிறைய, களைப்பும் நிறைய. உயர் டோஸ் மெத்தோட்ரெக்ஸேட் போகும் ஒரு நோயாளி போதும், புத்தகத்தில் நான்கு அத்தியாயம் கண்முன்னே நடக்கும். 24, 48, 72 மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவு பார்ப்பார்கள். அதை வைத்து, அதன் நச்சைத் தணிக்கும் லுகோவோரின் டோஸ் மாறும். சிறுநீர் காரத்தன்மையோடு (அமிலமாக இல்லாமல்) இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் சோதிப்பார்கள். அப்படி ஒருவருடைய சார்ட்டின் ஓரத்தில், பல நாளாக யாரும் கவனிக்காத ஒரு ஒமெப்ரசோல், வயிற்று அமிலத்துக்கான மருந்து, இருந்தது. மெத்தோட்ரெக்ஸேட் உடம்பிலிருந்து வெளியேறுவதை அது தாமதப்படுத்தும். ரவுண்ட்ஸில் எல்லாருக்கும் பின்னால் நின்ற நான் அதைச் சொல்ல ஐந்து நிமிடம் தயங்கினேன். சொன்னதும் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை 500-க்குக் கீழே இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்று எத்தனை தடவை படித்திருந்தாலும், அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு சின்னது என்பது வார்டில்தான் புரிந்தது.

ஆனால் பெரும்பாலானவர்கள் சில நாளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்து என்ன ஆனது என்று தெரியாது. ரத்தப் புற்றுநோய் வார்டு மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஏழு நாள் சைட்டராபின், மூன்று நாள் ஆந்த்ராசைக்ளின் என்று கீமோ தொடங்குபவர்கள் வாரக்கணக்கில் அங்கேயே இருப்பார்கள். ரத்த அணுக்களின் கவுண்ட் விழுவதையும் திரும்ப ஏறுவதையும் ஒரே கட்டிலில் பார்க்கலாம். அந்த வார்டு கிடைத்தால் டே கேருக்குச் சமமாக வைப்பேன். மனசு தாங்குமா என்று மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

டே கேரில் என்னைப் பிடித்துவைத்தது டாக்டரின் மருந்து ஆர்டரைச் சரிபார்க்கும் மேஜை. கார்போபிளாட்டின் டோஸ் போடும் கால்வெர்ட் சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம்: இலக்கு ஏயூசியை (உடம்பு மொத்தமாக எவ்வளவு மருந்தைச் சந்திக்க வேண்டும் என்ற அளவு), சிறுநீரக வடிகட்டும் வேகத்துடன் 25 கூட்டிப் பெருக்க வேண்டும். ஏயூசி 5, வேகம் 90 என்றால் 575 மி.கி. அதே நோயாளி மூன்று வாரம் கழித்து வருகிறார். வாந்தியும் நீர் வறட்சியுமாக இருந்து வேகம் 65 ஆகியிருக்கிறது. இப்போது 450 மி.கி. பழைய ஆர்டரை அப்படியே நகல் எடுத்தால் 125 மி.கி. கூடுதலாகப் போயிருக்கும். 1994-இல் பாஸ்டனில் பெட்ஸி லேமன் என்ற பத்திரிகையாளர் இறந்ததும் ஆர்டரில் நடந்த ஒரு வாசிப்புப் பிழையால்தான்: நான்கு நாளுக்கான மொத்த சைக்ளோபாஸ்பமைடு, ஒரு நாள் அளவு என்று எடுத்துக்கொள்ளப்பட்டு நான்கு நாளும் ஏற்றப்பட்டது.

அடுத்த நாற்காலி, கீமோவை மாத்திரையாக வீட்டிலேயே போடுகிற மாத்திரைக்காரர்களுடையது. கேபிசிடபின் என்ற கீமோ மாத்திரை வாங்கிப் போன ஒரு அம்மாவுக்கு நான்தான் விளக்கினேன்: 14 நாள் போட வேண்டும், 7 நாள் இடைவெளி, காலையும் இரவும் சாப்பிட்டு அரை மணிக்குள். தலையாட்டினார். அடுத்த சைக்கிளுக்கு வந்தபோது பையிலிருந்து பாதி தீராத அட்டைகளை எடுத்து வைத்தார். "சாப்பிட்ட பிறகுதான் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க. குமட்டலில் சாப்பிடவே முடியலை, அதனால போடலை." நான் சொன்னதை அவர் அப்படியே கேட்டிருக்கிறார். குமட்டல் மாத்திரையை எப்போது போடுவது, சாப்பிட முடியாத நாளில் யாரைக் கூப்பிடுவது என்பதை நான்தான் சொல்லாமல் விட்டிருந்தேன். வார்டிலோ கலக்கும் அறையிலோ இருந்திருந்தால் இது என் காதுக்கே வந்திருக்காது.

டே கேருக்கும் குறை உண்டு. காலை நேரத்தில் கூட்டம் அலைமோதும், கற்றுக்கொடுப்பவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது, மாணவரை மருந்துப் பை தூக்குபவராக ஆக்கிவிடுவார்கள். சேரும் முன்பே "ஆர்டர் மேஜையில் உட்கார விடுவீர்களா, விளக்கம் சொல்ல விடுவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் வார்டே மேல்.

மருந்து ஆய்வுப் பிரிவும் சில இடங்களில் கிடைக்கும். குப்பிக் கணக்கு, வெப்பநிலைப் பதிவேடு, கையெழுத்து. ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை என்று முடிவு செய்தவர்களுக்குச் சரி; முதல் இன்டர்ன்ஷிப்புக்கு வேண்டாம்.

மொத்தமே நான்கு வாரம்தான் என்றால் பிரித்துக் கேளுங்கள்: முதல் வாரம் டே கேர், நடுவில் இரண்டு வாரம் கலக்கும் அறையோ வார்டோ, நான்காவது வாரம் மறுபடி டே கேர். முதல் வாரம் நீங்கள் விளக்கம் சொல்லி அனுப்பிய 21 நாள்காரர்கள் அந்த வாரம்தான் திரும்பி வருவார்கள்.