கணினி அறிவியல் கற்பிக்க: கம்யூனிட்டி காலேஜா, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமா?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்பது பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் கல்லூரி. அதற்கும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஆசிரியர் தகுதியிலேயே வித்தியாசம் தொடங்கிவிடும். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக பிஎச்.டி. இல்லாமல் நுழைவது அரிது. கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் முதுகலைப் பட்டம் போதும்.

பாடச்சுமை தலைகீழ். பல்கலைக்கழகத்தில் பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடம்; கம்யூனிட்டி காலேஜில் ஐந்துகூட இருக்கும். திருத்தித் தர உதவி ஆசிரியர்களும் பெரும்பாலும் கிடையாது. பத்து இடமுள்ள அர்ரேயில் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியலில்) இல்லாத பதினோராவதைத் தொடும் அதே லூப் பிழையை ஒவ்வொருவர் புரோகிராமிலும் நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். அலுப்புதான். ஆனால் இரவு ஷிப்ட் முடித்து வகுப்புக்கு வருபவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பது பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். முந்நூறு பேர் ஹாலில் அது தெரியாது.

சரி, ஆராய்ச்சி? கம்பைலர் (புரோகிராமைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்), கோட்பாடு என்று போக நினைத்தால் பல்கலைக்கழகமே சரி: ஆய்வு மாணவர்கள், கருவிகள், நேரம் எல்லாம் அங்கேதான். கூடவே கட்டுரையும் நிதியும் கொண்டுவராவிட்டால் நிரந்தரப் பணி கிடைக்காது என்ற கத்தியும் தலைக்கு மேல் தொங்கும். கம்யூனிட்டி காலேஜில் அந்தக் கட்டாயம் இல்லை. கோடை விடுமுறைதான் ஆய்வுக்காலம். முதல் புரோகிராமிங் பாடத்தில் மாணவர்கள் ஏன் விலகுகிறார்கள் என்பது போன்ற கேள்விகளுக்கு இதைவிட நல்ல களம் இல்லை என்பேன். 1992-ல் வந்த சட்டத்தின் வழியே, தேசிய அறிவியல் அறக்கட்டளை இரண்டாண்டுக் கல்லூரிகளின் தொழில்நுட்பக் கல்விக்கென்றே ஒரு நிதித் திட்டம் நடத்துகிறது.

அப்புறம், விளம்பரத்தில் முழுநேரப் பணியா என்று பாருங்கள். பல வகுப்புகளை நடத்துவது பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பகுதிநேர ஆசிரியர்கள்தான்.